ராஜம்மா பொட்டு

அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த ஒரு தெருவில் மட்டும் அப்படிச் சொல்வார்கள். எவனாவது பக்தி முற்றிக் காரியத்தைக் கெடுத்துவிட்டால், "ராஜம்மா பொட்டு வெச்சிட்டான்" என்பார்கள். ராஜம்மா யார் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. பேர் போனால் போனதுதான். ஆளைத் தேடிப் போய் யார் விசாரிக்கப் போகிறார்கள்? உண்மை தெரிந்தவன் ஒருவன் இருந்தான். வாயில் கொழுக்கட்டையோடு மூன்று வருடம் அந்தத் தெருவிலேயே நடந்துகொண்டும் இருந்தான்.

அவன் பெயர் இக்னேஷியஸ். திருமுல்லைவாயில்காரன். ஊரில் எல்லோருக்கும் இன்னாசி. பாலிடெக்னிக் முடித்துவிட்டு, தசரதன் என்பவரின் பிளாஸ்டிக் பட்டறையில் கம்ப்யூட்டர் பார்க்கச் சேர்ந்தான். கீழே பாட்டில் மூடி வார்க்கும் மெஷின்கள், மாடியில் ஏசி அறை, அதற்குள் ஒரே ஒரு கம்ப்யூட்டர். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அங்கே ஒருநாள் இன்னாசி திருட்டு ஃப்ளாப்பியில் வந்த வெளிநாட்டு விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டிருந்தபோது முதலாளி பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தான். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கோட்டை, பூதம், வாள், மருந்து, ஒவ்வொரு சண்டைக்கும் ஏறுகிற பலம். சாயங்காலம் எழுந்தபோது, "இத்த நம்ம ஊரு பாம்பு, நம்ம ஊரு மூலிகை போட்டுத் தமிழ்ல பண்ணுடா" என்றார்.

அப்படிப் பிறந்தது 'கருநாகக் கோட்டை'. வாள்வீரன், வைத்தியச்சி, திருடன், மந்திரவாதி என்று நான்கு பேர் ஏழடுக்குக் கோட்டைக்குள் இறங்கி, அடியில் சுருண்டு கிடக்கும் கருநாகத்தின் மணியை எடுத்து வர வேண்டும். இன்னாசி தமிழ் எழுத்து ஒவ்வொன்றையும் கட்டம் போட்ட நோட்டில் புள்ளி புள்ளியாக வரைந்தான். பொங்கலுக்கு வெளியீடு என்றார்கள். எழுத்துகளே இடத்தை அடைத்துக்கொண்டதால் பாம்புக்கு இடமில்லாமல் போயிற்று. சித்திரைக்கு என்றார்கள். ஐந்தாம் அடுக்கில் வைத்தியச்சி திருடனுக்கு மூலிகை கொடுத்தால் கம்ப்யூட்டரே உறைந்து நின்றது. மூன்றாவதாகக் குறித்த நாள், தொண்ணூற்றொன்றாம் வருட விஜயதசமி. நகரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கண்காட்சியில் கடை எடுத்தாயிற்று.

அதற்கு முதல் நாள் ஆயுத பூஜை. பட்டறையைப் பெருக்கித் துடைப்பவள் ராஜம்மா. நாற்பத்தைந்து வயது, அண்ணனூரில் வீடு. ஆத்தா அப்பன் காலத்தில் வயல் வேலை, இவள் காலத்தில் எஸ்டேட் வேலை. வருடா வருடம் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது அவள் பொறுப்பு. மெஷின், சுத்தியல், முதலாளியின் ஸ்கூட்டர், டெலிபோன், கடைசியில் கம்ப்யூட்டரின் நெற்றி. மேஜைமேல் மூன்று ஃப்ளாப்பிகள் இருந்தன. போன வாரம் கம்ப்யூட்டரின் உள் டிஸ்க் செத்துப்போனதால், விளையாட்டு முழுவதும் அந்த மூன்றில்தான் இருந்தது. நகல் ஒரு செட் பீரோவில். இன்னாசி எல்லோர் முன்னாலும் அவளிடம் சொன்னான், இந்த மூன்றை மட்டும் தொட வேண்டாம் என்று. அவள் கிண்ணத்தை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, "தொட மாட்டேன் நைனா" என்றாள். தொடவும் இல்லை.

பூசணிக்காய் உடைக்க எல்லோரும் தெருவுக்குப் போனார்கள். இன்னாசி மட்டும் மாடியில் நின்றான். அந்த அறையில் கத்தரிக்கோலுக்குக்கூடப் பொட்டு இருந்தது. இந்த மூன்றுக்குத்தான் இல்லை. இரண்டு முறை தவறிப்போன காரியம். மாதா கோயிலுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்தாயிற்று, அது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தப் பக்கமும் ஒரு பாதுகாப்பு இருந்தால் குறைந்தா போய்விடும்? ராஜம்மா விட்டுப்போன கிண்ணத்தில் மோதிர விரலால் சந்தனம் தொட்டு மூன்றுக்கும் வைத்தான், மேலே குங்குமம் வைத்தான், பழக்கதோஷத்தில் சிலுவையும் போட்டுக்கொண்டான். படியில் காலடிச் சத்தம் கேட்டது. வெட்கம் பிடுங்கித் தின்ன, காகித உறைகூடப் போடாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பெட்டியில் வைத்து மூடினான். ஃப்ளாப்பியின் மேலட்டையில் ஒரு திறந்த வாய் இருக்கும், அதன் வழியே உள்ளே கறுப்புத் தகடு தெரியும். ஈரச் சந்தனம் அதற்குள்தான் போயிற்று.

மறுநாள் காலை முதல் ஃப்ளாப்பியைப் போட்டதும் டிரைவ் கரகரத்தது. பதறிப்போய்ப் பீரோவிலிருந்த நகலை எடுத்து அதே டிரைவில் போட்டான். தகட்டைப் படிக்கும் முனையில் ஒட்டியிருந்த சந்தனம் அதையும் சுரண்டித் தின்றது. டிரைவை முதலில் துடைக்க வேண்டும் என்பது பயிற்சிக்கு வந்த பிள்ளைக்கும் தெரியும். பதினான்கு மாத உழைப்பு அரைமணி நேரத்தில் போயிற்று.

தசரதன் ஃப்ளாப்பியை உருவிப் பார்த்தார். பொட்டு. ராஜம்மாவைக் கூப்பிட்டார். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்து பார்த்துவிட்டு, "நா தொடல மொதலாளி" என்றாள். அவர் இன்னாசியின் பக்கம் திரும்பினார். நீ வைத்தாயா என்று கேட்கவில்லை. ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற பையன் பொட்டு வைப்பானா? அப்படி ஒரு நினைப்பே அங்கே ஒருவருக்கும் வரவில்லை. சொல்லிவிட வேண்டும் என்றுதான் இன்னாசி வாயைத் திறந்தான்.

"தொடாதீங்கன்னு அப்பவே சொல்லியிருந்தேன் சார்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதனாலேயே அது அப்படி ஒட்டிக்கொண்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ராஜம்மா அவனைப் பார்த்தாள், கோபமாக அல்ல, புரியாமல். மத்தியானத்துக்குள் அவள் கணக்கு தீர்த்து அனுப்பப்பட்டாள்.

அச்சடித்து வைத்திருந்த தாள்களைப் பார்த்து இன்னாசி முழுவதையும் மறுபடி தட்டினான். தொண்ணூற்று மூன்றில், மடித்த வரைபடம் ஒன்றோடு அட்டைப்பெட்டியில் 'கருநாகக் கோட்டை' வெளிவந்தது. ஒரு வாரப்பத்திரிகை இரண்டு பத்தி எழுதியது. கோயம்புத்தூரிலிருந்தெல்லாம் கடிதம் வந்தது. முதல் திரையில் அவன் பெயர் ஒளிரும்போதெல்லாம் அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். விளையாட்டில், கோட்டை வாசலில் பெருக்கிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணை அவன் சேர்த்திருந்தான். பேசினால், "நான் தொடவில்லை" என்பாள். அவ்வளவுதான். ஆடுகிறவர்கள் அதில் ஏதோ ரகசியம் இருப்பதாக நம்பினார்கள். ஒருவர் இரண்டு வாரம் எல்லா மூலிகையையும் அவளிடம் கொடுத்துப் பார்த்துவிட்டு, அவள் எதை மறைக்கிறாள் என்று எழுதிக் கேட்டிருந்தார். மறைத்தவன் வேறு ஆள் என்று பதில் எழுத இன்னாசிக்குத் துணிவில்லை. விளையாட்டுக்குள் ஒரு பொம்மையிடம் மன்னிப்புக் கேட்பது அவனுக்கு வசதியாக இருந்தது. அது எவ்வளவு மட்டமான வசதி என்பதும் தெரிந்தே இருந்தது.

அடுத்த வருடம் டீக்கடையில் முன்பின் தெரியாத ஒருவன் இன்னொருவனிடம், "ராஜம்மா பொட்டு வெச்சிடாத மாமே" என்று சிரித்தான். இன்னாசியின் கையில் டீ ஆறிப்போயிற்று. அன்றே அண்ணனூருக்கு ரயில் ஏறினான்.

ராஜம்மா வாசலில் காலிலிருந்த சிமெண்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். எஸ்டேட்டில் இரண்டு கம்பெனியில் வேலை கேட்டுப் போனாளாம். இரண்டிலும் வாட்ச்மேன், கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தது நீதானே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினானாம். இப்போது முகப்பேரில் கட்டட வேலை, சித்தாள். இன்னாசி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். விரல், சந்தனம், அடுக்கியது, வாய் திறந்து சொன்னது.

அவள் அடுத்த காலைக் கழுவினாள்.

"என்னாண்ட வந்து இன்னாத்துக்கு சொல்ற? நா தொடலன்னு எனக்குத் தெரியாதா? சொல்ல வேண்டிய எடத்துல போய் சொல்லு."

அந்த ஆண்டு ஆயுத பூஜைக்குப் பட்டறையில் முப்பது பேர். பொரி கொடுத்தபடி தசரதன் வழக்கம்போல அந்தக் கதையை ஆரம்பித்தார். எல்லோரும் வழக்கமான இடத்தில் சிரிக்கத் தயாரானார்கள். அதற்குள் இன்னாசி எழுந்து, பொட்டு வைத்தது நான்தான் என்றான். காது இரண்டும் எரிந்தன.

தசரதன் அவன் தோளில் கை போட்டார்.

"பாத்தீங்களா மனச? பாவம், அந்தம்மா பேரு கெட்டுப்போச்சேன்னு பழிய இவன் தலைல போட்டுக்கறான்."

இன்னாசி மறுத்தான். எந்த விரல் என்று சொன்னான், எதன்மேல் எதை அடுக்கினான் என்று சொன்னான். சொல்லச் சொல்ல அவர்களுக்கு அவன்மேல் மதிப்புக் கூடிக்கொண்டே போயிற்று. கதை கட்டுகிறவன் அல்லவா, எவ்வளவு அழகாகச் சொல்கிறான் என்றார் ஒருவர். கடைசியில் தசரதன் நெகிழ்ந்துபோய், உனக்காக அவளை மன்னித்துவிட்டேன், நாளைக்கே வேலைக்கு வரச் சொல் என்றார். செய்த குற்றத்துக்கு ஊர் கூடித் தட்டிக்கொடுத்தது. செருப்படி பட்டிருந்தால்கூட இவ்வளவு கூனிப் போயிருக்க மாட்டான்.

மறுநாள் விஜயதசமி. சாயங்காலம் அண்ணனூரில் அவள் வாசலில் நின்றான். நடந்ததைச் சொன்னான்.

"எல்லார் எதிர்லயும் சொன்னேங்க்கா. யாரும் நம்பல. மன்னிச்சிட்டாராம், வேலைக்கு வரச் சொன்னாரு."

ராஜம்மா கொடியிலிருந்து துணியை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். கடைசித் துணியையும் எடுத்த பிறகுதான் திரும்பினாள்.

"நானுந்தான் அன்னிக்கி சொன்னேன், யாரும் நம்பல. அப்போ நீ பக்கத்துலதான நின்னுகினு இருந்த?"