இருபது மைல் பலகை

எண்ணூர் கடலோர ரோட்டுல இருபது மைலுக்கு மேல போகக்கூடாதுன்னு பலகை நட்டுட்டானுங்க. ஞாயித்துக்கிழமை காத்து வாங்க, பட்டாளத்துல கழிச்சுப்போட்ட மோட்டார் சைக்கிளை எடுத்துகினு வர்றவன் கட்டைவண்டி மாதிரி ஊரணுமாம். இன்னா பேஜாரு!

எதுக்கு நட்டானுங்கன்னு எனக்குத் தெரியும். போன மாசம் காத்திவாக்கத்துல, ரோட்டுல காயப்போட்ட இறாலைக் கிளறிகினு இருந்த ஒருத்தனை நான்தான் இடிச்சேன். அறுபது மைல்ல வந்தேன். நிக்கல. அவன் செத்தது மறுநாள்தான் தெரிஞ்சுது. என் மூஞ்சியை எவனும் பாக்கல.

இன்னிக்கு அதே இடத்துல மெதுவா வந்தேன். ஒரு பொம்பள இறாலை ஓரமா ஒதுக்கி எனக்கு வழி வுட்டா. நேரா என் மூஞ்சியைப் பாத்தா.

"என் வூட்டுக்காரரு செத்தப்புறம் நீ ஒருத்தன்தான் நைனா மெதுவா வர்றே. நல்லா இருப்பே."