முக்கால் மணி நேரம் தாழிட்ட கதவு

1.
இந்தக் கதை சாவு வீட்டில், பந்தலுக்குப் பின்னால் காதில் விழுந்த ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது. அதை இப்போதே சொன்னால் நீங்களும் அவனைச் சந்தேகிப்பீர்கள். அதனால் முதலில் வெந்நீர்.

வேல்ராஜ் உப்புநீரை மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்தான். "பதமா இருக்கு, வா தாயி." ஒன்பது வயது கனிஷ்கா செருப்பை மாட்டிக்கொண்டு அப்பா பின்னால் போனாள். கழிவறைக் கதவு தாழிடப்பட்டது. வார விடுப்பிலிருந்த அம்மா பூமாரி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஒரகடம் சாலையில் ஒரு டிரெய்லர் லாரி அவனை

(இதற்கு மேல் எழுத வரவில்லை. பூமாரி நானா என்று கேட்காதீர்கள்.)

2.
கனிஷ்கா ஆசனவாய் இல்லாமல் பிறந்தவள். கைக்குழந்தையிலேயே அறுத்து வழி உண்டாக்கினார்கள். ஆனால் மலத்தை அடக்கும் சதை அவளுக்கு வலுப்படவில்லை. வகுப்பில் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள். போன வருடம் இன்னொரு அறுவை: குடல்வாலைத் தொப்புளோடு இணைத்து ஒரு சிறு துளை. தினமும் மாலையில் அதில் குழாய் விட்டு உப்புநீர் இறக்க வேண்டும். முக்கால் மணி நேரத்தில் குடல் காலியாகும். மறுநாள் பள்ளியில் பாவாடை சுத்தம்.

"யார்ட்டயும் சொல்லக் கூடாதுப்பா. சொன்னீங்கன்னா பள்ளிக்கூடம் போமாட்டேன்."

"செத்தாலும் சொல்லமாட்டேன் தாயி."

(இந்த வரியை நான் இட்டுக்கட்டவில்லை.)

3.
பென்னலூரில் அவர்கள் குடியிருந்த வரிசையின் ஆறு அறைகளுக்கும் கழிவறை ஒன்றுதான். வீட்டுக்காரம்மா ரத்னா. அவளைக் கெட்டவளாக எழுதிப் பார்த்தேன், பொருந்தவில்லை. பெண்பிள்ளைக்காகக் கவலைப்பட்டவள்தானே? அந்தக் கவலையையும் நான் முழுதாக நம்பவில்லை.

"இன்னா வேலு, பூமாரி ஷிப்டுக்குப் போனதும் பொண்ணக் கூட்டிகினு உள்ள போயி தாப்பா போட்டுக்கிற?"

"அவளுக்கு வயித்துக்குச் சேரலக்கா."

"தெனமுமா?"

"எங்க வீட்டு வயிறு அப்படி" என்று சிரித்தான். சிரித்திருக்கக் கூடாது.

சாவு வீட்டில் ரத்னா யாரிடமோ சொல்லிப் பூமாரியின் காதில் விழுந்தது இது: "தானா போயி வண்டில வுழுந்துட்டான். எதுக்குன்னு என் வாயால சொல்லணுமா?"

4.
பூமாரி ஒரு வாக்கியம் சொன்னால் போதும், செத்தவன் பெயர் மீளும். அந்த வாக்கியமோ மகளுடையது.

முடிவு அ: பூமாரி ரத்னாவிடம் சொல்கிறாள். ரத்னா அழுகிறாள். (அழுவாள். அழுதுகொண்டே ஆறு அறைகளுக்கும் சொல்வாள். அங்கிருந்து பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்?)

முடிவு ஆ: கனிஷ்காவே கதவைத் திறந்து, சட்டையைத் தூக்கி (கிழித்துப் போட்டேன். அப்பாவுக்காகப் பிள்ளை வயிற்றைக் காட்டி சாட்சி சொல்ல வேண்டுமா?)

முடிவு இ: பூமாரி காலை ஷிப்டுக்கு மாறிக்கொள்கிறாள். இப்போது மாலையில் மகளோடு தாழிட்டுக்கொள்வது அவள்தான். அதைப் பார்க்கும் ரத்னாவுக்குத் தானாகப் புரிந்துவிடும் என்று நம்புகிறாள். இது நடந்தது. ஒரு மாதம் பார்த்த பிறகு ரத்னா கழிவறை வாசலில் பூமாரியை நிறுத்திச் சொன்னாள்:

"இப்ப நீயும் உள்ள போயி உக்காந்துக்கிற? அவன் பண்ணத மூடி மறைக்கிறியா?"

உள்ளேயிருந்து கனிஷ்கா கேட்டாள்: "அப்பா என்னம்மா பண்ணாங்க?"

பூமாரி சொன்னது

5.
பூமாரி என்ன சொன்னாள் என்பதை உங்களிடம் விடுகிறேன். துளை இருப்பது இப்போது உங்களுக்கும் தெரியும். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரையும் நம்பாதீர்கள். அவனுடைய பெயரா, அவளுடைய பள்ளிக்கூடமா? எதைக் காப்பாற்றுவீர்களோ, எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் வாயை மூடிக்கொண்டிருப்பீர்கள் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

ஆறு அறைகளுக்கும் கழிவறை இன்னும் ஒன்றுதான்.