பூட்டுக்குள் இருந்த குலவை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் நீங்களே கண்டுபிடித்துக் கேட்டால் எனக்கு உதறலெடுத்துவிடும்.

என் மேசையில் இருக்கும் கணினியில் இரண்டு கோப்புகள் இருக்கின்றன. ஒன்றில் ஒரு பெண் தலையை அண்ணாந்து, வாயோரம் கையை வைத்துக் குலவையிடுகிறாள். சத்தம் இல்லை. இன்னொன்றில் அதே பெண், அதே வாய், சத்தமும் இருக்கிறது. ஆனால் சத்தம் அவளுடையதல்ல. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் அவளுடைய மகன் வந்து இரண்டில் ஒன்றை வாங்கிக்கொண்டு போவார். எதைக் கொடுப்பது என்று தெரியாமல்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதினால் மனசு தெளியும் என்கிறார்கள். எனக்கு இதுவரை அப்படி நடந்ததில்லை.

2

முதல் வரிக்குப் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

"சால்மியாவில் அன்று புழுதிக்காற்று—"

வேண்டாம். குவைத்தில் நடக்கும் கதை என்றால் புழுதியைக் கிளப்பித்தான் ஆகவேண்டுமா?

"பூட்டை உடைக்கிறவர்கள் எல்லோரும் திருடர்கள் அல்ல, ஆனால்—"

மேடைப்பேச்சு. அதுவும் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்கிற மேடைப்பேச்சு.

"லுல்வா அந்தப் பழைய மடிக்கணினியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தாள்."

இது நடந்தது. இதிலேயே ஏறிக்கொள்கிறேன்.

அதற்கு முன் என் பிழைப்பைப் பற்றி நாலு வரி. கல்யாணங்களில் பெண்கள் மண்டபத்தைப் படம் எடுப்பதும், அதை வெட்டி ஒட்டிக் கொடுப்பதும் என் வேலை. எங்கள் படப்பிடிப்பு நிலையத்தில் பெண்கள் மட்டும்தான். மண்டப வாசலில் எல்லோருடைய கைபேசியையும் வாங்கி வைத்துவிடுவார்கள். உள்ளே போனதும் கறுப்பு அங்கியெல்லாம் கழன்றுவிடும். தலைமுடி, நகை, ஆட்டம், கேலி எல்லாம் எங்கள் கேமரா முன்னால் மட்டும். அந்தப் படம் மணப்பெண்ணின் ஒரே ஒரு கணினியில் மட்டும் திறக்கும்படி பூட்டுப் போட்டுக் கொடுப்போம்.*

(* வேறு ஊர்களில் பாட்டுக்கும் படத்துக்கும் பூட்டுப் போடுவது காசுக்காக. அதை உடைக்கும் மென்பொருளை இறக்கிக்கொள்வதும் காசை மிச்சம் பிடிக்கத்தான். இங்கே பூட்டு என்பது வாசலில் தொங்கும் திரை. அதை நம்பித்தான் உள்ளே ஆடுகிறார்கள்.)

பூட்டில் ஒரு கணக்கு உண்டு. திறக்கத் திறக்கக் குறையும், தீர்ந்தால் பூட்டுச் செய்த நிறுவனம் புதுப்பித்துத் தரும். அந்த நிறுவனம் கடையைக் கட்டிக்கொண்டு எப்போதோ போய்விட்டது. லுல்வாவின் கணினியில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு முறை.

3

லுல்வா என்பது அவள் பெயரல்ல. ஆளைக் காட்டிக்கொடுக்கும் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். பேச்சை மாற்ற மட்டும் மனசு வரவில்லை.

"உம் யாசின், காப்பாத்து. இது தானா அணைஞ்சு அணைஞ்சு போகுது."

(உம் என்றால் அம்மா. யாசின் என் மகன். இங்கே எனக்கு வேறு பெயர் கிடையாது.)

"புதுசு வாங்கிக்கயேன். உன் வீட்டுக்காரர் வாசல் நிறைய கார் நிறுத்தியிருக்காரு, ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தரமாட்டாரா?"

"பொட்டி போனா போகட்டும்டி. உள்ள அம்மா இருக்காங்க."

அவள் அம்மா கனீமா படமே எடுத்துக்கொள்ளாத பெண். அடையாள அட்டையில் ஒரு படம், அதிலும் முறைத்துக்கொண்டு இருப்பாள். மகள் கல்யாணத்தில் மட்டும் கேமரா இருப்பதை மறந்து ஆடினாள், குலவையிட்டாள். அன்று அந்தக் கேமராவைப் பிடித்திருந்தது நான்தான். அடுத்த வருடமே இறந்துபோனாள். கைபேசியில் குரலைப் பதிந்து அனுப்பும் பழக்கமெல்லாம் அப்போது வந்திருக்கவில்லை. ஆக, அவள் அசைவதும் அவள் குரலும் உலகத்தில் அந்த ஒரு கோப்பில்தான் இருந்தன.

"இத்தனை வருஷமா நீ பாக்கவே இல்லையா?"

"ஒரு தடவைதானே மிச்சம். பாத்துட்டா தீந்துடுமே."

நான் கணினியை வாங்கி மேசையில் வைத்தேன்.

"அண்ணன் பாத்ததே இல்ல" என்றாள். "எப்படிப் பாப்பான்? ஊர்ப் பொம்பளைங்க பூரா அதுல முடியை விரிச்சுப் போட்டு ஆடறாளுங்க. அவனுக்கு அம்மா மட்டும் போதும். மத்தவங்களை மறைச்சுக் குடு."

"மறைக்கணும்னா முதல்ல பூட்டை உடைக்கணும்."

"உடை."

"அபீருக்குத் தெரிஞ்சா என்னை உடைப்பா." அபீர் எங்கள் முதலாளி.

"அவ லண்டன்ல வெயில் படாம உக்காந்திருக்கா. ஒரே ஒரு தடவை, எங்க அம்மாவுக்காக."

4

அண்ணன் ஷம்லானை நம்புவதில்தான் எனக்குச் சிக்கல். இப்படி ஒரு நல்ல ஆள் கதைக்கு ஆகமாட்டார். கட்டுப்பெட்டியாக, "பொம்பளைங்க படம் வீட்டுக்குள்ளே எதுக்கு?" என்று கத்துகிறவராக எழுதிப் பார்த்தேன். அப்படி இருந்தால் நான் சுலபமாகப் பொய் சொல்லிவிடலாம். ஆனால் ஒட்டவில்லை. அன்று அவர் தங்கையைக் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, எங்கள் மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம், ஆண்கள் உட்காரலாம் என்று விட்டிருக்கும் இடத்தில் தேநீரை ஆறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உம் யாசின், ரொம்ப சிரமம் குடுக்கறோம்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க."

"கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளையோட நானும் உள்ள வந்தேன், ஞாபகம் இருக்கா? எல்லாரும் கறுப்புப் போத்திக்கிட்டாங்க. அதுல எங்கம்மா யாருன்னே தெரியல."

இப்போது மாற்றும் வேலை. நான் இறக்கிவைத்திருந்த மென்பொருள் உண்மையில் பூட்டை உடைப்பதில்லை. படத்தை முதலிலிருந்து ஓடவிட்டு, ஓடுவதைப் பார்த்து, கேட்டு, பக்கத்திலேயே பூட்டில்லாத இன்னொரு படமாக எழுதிக்கொள்ளும். கணினி வெளியே விடும் சத்தம் மட்டும்தான் அதன் காதில் விழும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஓடவிட்டேன். மேளக்காரப் பெண்கள் தட்ட ஆரம்பித்தார்கள். நீல உடுப்பில் ஒருத்தி, அவள் பக்கத்தில் இடுப்பு வரை முடியோடு—

[மங்கல். நீங்களும் பார்க்கக் கூடாது.]

நடுவில் கனீமா. மாப்பிள்ளை நடப்பதுபோல் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்து காட்டுகிறாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். லுல்வா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஐயோ சத்தத்தை நிறுத்து, நிறுத்து! மாப்பிள்ளையும் ஒட்டகமும் கதையைச் சொல்லப்போறாங்க. அண்ணன் காதுல விழுந்தா நான் செத்தேன்!"

நிறுத்தினேன். அவள் சொன்ன வேகத்தில் என் விரல் பொத்தானுக்குப் போய்விட்டது. அப்புறம் எங்கள் இருவருக்கும் அடக்க முடியாத சிரிப்பு. அம்மாவின் வாயசைவைப் பார்த்து லுல்வா என் காதில் அந்தக் கதையைச் சொன்னாள். அதை எழுதினால் என் மகன் என்னை வீட்டில் சேர்க்கமாட்டான். [மங்கல்.] பிறகு கனீமா தலையை அண்ணாந்தாள். நாக்கு துடித்தது. லுல்வா சிரிப்பதை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதான்" என்றாள். "இதான்டி."

கண்ணால் பார்த்ததிலேயே எங்களுக்கு அந்தச் சத்தம் கேட்டுவிட்டது போலிருக்கிறது. சத்தம் நிறுத்தியிருப்பது எங்கள் இருவருக்கும் நினைவே வரவில்லை. படம் முடிந்தது. கணக்கு தீர்ந்தது. பூட்டு இனி திறக்காது.

5

மறுநாள் மற்ற பெண்களை மறைக்க உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். மேளம் இருந்தது, சிரிப்பு இருந்தது. ஒட்டகக் கதை தொடங்கும் இடத்திலிருந்து சத்தமே இல்லை.

கணினி பழுதா, என் காது பழுதா என்று கொஞ்ச நேரம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். மானத்துக்காக நிறுத்திய சத்தம். ஒரு மகன் தன் தாயின் வாயிலிருந்து கேட்கக் கூடாததைக் கேட்டுவிடக் கூடாது என்று நிறுத்தியது. வேறு ஊர்க்காரர்கள் சத்தத்தை வைத்தே மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள்.

லுல்வா வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான்தானே நிறுத்தச் சொன்னேன்."

"விரல் என்னுதுதானே."

"அண்ணன்கிட்ட சொல்லாத. நடுவுல விருந்தாளிங்க பேச்சு இருந்துச்சு, அதை எடுத்துட்டோம்னு சொல்லிடறேன். குலவைக்கு மட்டும் வேற சத்தம் வை. உன்கிட்ட எத்தனை கல்யாணம் இருக்கு!"

"அதெல்லாம் வேற பூட்டுக்குள்ள இருக்கறவங்க குரல். அதைத் தொடமாட்டேன்."

"அப்ப நானே போடறேன். மைக்கைக் குடு."

போட்டாள். பாதியில் குரல் உடைந்து இருமலானது. "எங்கம்மா சொல்வாங்க, இவளைக் குலவை போடச் சொன்னா கொட்டாவி விடறான்னு" என்று சிரிக்கப் பார்த்து, அப்படியே அழுதாள்.

அந்த அழுகையை என்னால் பார்க்க முடியவில்லை. நான் காயல்பட்டினத்துக்காரி. எங்கள் ஊர்க் கல்யாணத்திலும் குலவை உண்டு. இவர்கள் யிபாப் என்கிறார்கள், நாக்கு போகிற வழிதான் கொஞ்சம் வேறு. கனீமாவின் வாயைப் பார்த்துக்கொண்டே நான் குலவையிட்டேன். அவள் உதட்டுக்குப் பொருத்தி ஓடவிட்டேன்.

"அம்மா" என்றாள் லுல்வா. கொஞ்சம் கழித்து "இல்ல" என்றாள். அதற்கப்புறம் "இருக்கட்டும்" என்றாள்.

6

முடிவுகளைப் பற்றி யோசிக்க வேண்டும். மணி ஆகிக்கொண்டே இருக்கிறது.

சத்தமில்லாததைக் கொடுக்கிறேன். நடந்ததைச் சொல்கிறேன். அவர் "பரவாயில்லைங்க" என்பார், அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தான். ஆனால் காரில் போய் உட்கார்ந்த பிறகு—

இல்லை, சத்தமுள்ளதைக் கொடுக்கிறேன். அவர் அழுதுகொண்டே கேட்பார். தன் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவார். என் குலவை அந்த வீட்டில் தலைமுறைக்கும் கனீமாவின் குலவையாக இருக்கும். ஒருநாள் யாராவது ஒரு அத்தை, "இது அவ இல்லையே" என்று—

அல்லது லுல்வாவே சொல்லிவிடுகிறாள். இதுதான் எனக்கு வசதி, அதனாலேயே நடக்காது.

இன்னொரு பயமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பூட்டு எடுத்த படமும் எழுதிய கதையும் ஒன்றுதான். யார் கைக்கு வேண்டுமானாலும் போகலாம். கனீமா வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்ததை அவள் மகன் பார்ப்பதற்கு முன் நீங்கள் பார்த்துவிட்டீர்கள். அவர் தமிழ் படிக்கமாட்டார் என்பது ஒன்றுதான் எனக்குத் தைரியம். அதுவும் ஒரு தைரியமா?

நாலாவது முடிவு: இரண்டு கோப்புகளையும் அழித்துவிட்டு, மாற்றும்போது கெட்டுப்போய்விட்டது என்று—

வாசல் மணி.

7

லுல்வா வரவில்லை. வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த திரையில் சத்தமுள்ளதைத்தான் ஓடவிட்டேன். நியாயம் யோசித்துச் செய்யவில்லை. "வந்துட்டேன் உம் யாசின்" என்று அவர் சொன்ன குரலில் அத்தனை ஆசை இருந்தது.

சுற்றிலும் மங்கல், நடுவில் கனீமா. அவள் மாப்பிள்ளையாக நடந்த இடத்தில் அவர் சத்தமாகச் சிரித்தார். குலவை முடிந்ததும் "இன்னொரு தடவை போடறீங்களா" என்றார். போட்டேன். பூட்டில்லாத படம்தானே, எத்தனை தடவையும் போடலாம். திரும்பவும் கேட்டார். திரும்பவும் போட்டேன்.

"உம் யாசின், ஒண்ணு கேக்கணும். லுல்வாகிட்ட கேக்க முடியாது, உடைஞ்சு போயிடுவா."

நான் படத்தை நிறுத்தினேன்.

"எனக்கு அம்மா குரல் மறந்துபோச்சு. யார்கிட்டயும் சொன்னதில்ல. முகம் நெனப்புல இருக்கு, கை இருக்கு, குரல் மட்டும் இல்ல. இதைக் கேட்டா எல்லாம் வந்துடும்னு நெனச்சுதான் வந்தேன். மூணு தடவை கேட்டுட்டேன், யாரோ மாதிரி இருக்கு. பெத்தவ குரல் தெரியல, நானெல்லாம் ஒரு மகனா? நீங்க அன்னைக்கு அந்த மண்டபத்துல இருந்தீங்க, நேர்ல கேட்டிருக்கீங்க. சொல்லுங்க, இது எங்கம்மாதானே?"

ஆமாம் என்றால் அவருக்கு அம்மாவின் குரல் கிடைத்துவிடும். பெற்றவளை மறந்த மகன் என்ற பழியைத் தன் தலையில் தானே போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார். இல்லை என்றால் அந்தப் பழி போய்விடும், குரலும் போய்விடும், இனி எங்கேயும் கிடைக்காது. எதைச் சொல்வதானாலும் நான் வாயைத் திறக்க வேண்டும். மூன்று தடவை கேட்ட என் தொண்டை இன்னும் அவர் காதில் நிற்கிறது, பேசினால் அந்தக் குலவை என்னுடையது என்று தெரிந்துவிடும்.

(இதை அவர் நிற்கும்போதே எழுதுகிறேனா, போன பிறகா என்று கேட்பீர்கள். இந்தக் கதையில் அவர் இன்னும் போகவில்லை. போகவிட எனக்குத் தைரியம் இல்லை.)

"உம் யாசின்? இருக்கீங்களா?"

நீங்கள் அவருக்குப் பழகாத குரல். அவர் காத்துக்கொண்டிருக்கிறார். எனக்குப் பதிலாக நீங்கள் சொல்லுங்கள்.