யார் போட்ட கையெழுத்து

வங்கியில் காசோலைக் கையெழுத்துகளைச் சரிபார்ப்பதுதான் பதினாறு வருடமாகத் தங்கைக்கு வேலை. அதனால்தான் மருத்துவமனைக் கோப்பைப் புரட்டியபோது அவளுக்குச் சுருக்கென்றது. மின் அதிர்வுச் சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தில் அக்காவின் பெயர் இருந்தது, அக்காவின் கை இல்லை.

மூன்று மாதமாக அன்னந்தண்ணி இறங்காமல் சுவரைப் பார்த்துக் கிடந்தவள் அக்கா. மன அழுத்தம் என்றார்கள். எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. அந்த நிலையில் பேனாவைப் பிடித்திருப்பாளா?

வராந்தாவில் அக்காவின் கணவர், மாமா, ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இது அக்கா போட்டதா?"

அவர் நிமிரவில்லை. "கை நடுங்குது, நீங்களே போட்ருங்கன்னா. போட்டேன்."

"யார் முன்னாடி சொன்னா?"

"புருஷன் பொண்டாட்டி பேசறதுக்கு சாட்சி வெச்சுக்கவா முடியும்?"

நியாயமான கேள்விதான். ஆனால் போன வாரம் அவர் போனில் யாரிடமோ, "எப்படியாவது இது ஒரு முடிவுக்கு வரணும்" என்று சொன்னது அவள் காதிலேயே நின்றது. எந்த முடிவைச் சொன்னார்?

அக்காவிடமே கேட்டாள். மூன்று முறை சிகிச்சை முடிந்திருந்தது. அன்றுதான் அக்கா தானாகத் தலை வாரியிருந்தாள்.

"ஞாபகம் இல்லடி. சொல்லியிருக்கலாம். இங்க வந்த நாளே நெனவுல இல்ல."

அந்தச் சிகிச்சை சில நாட்களின் நினைவை அழிக்கக்கூடும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். இருந்த ஒரே சாட்சியும் போயிற்று.

சொன்னால் சிகிச்சை நின்றுவிடும். சொல்லாவிட்டால் அவளும் உடந்தை. இரண்டு நாள் மனதைக் குடைந்த பிறகு மருத்துவரிடம் சொன்னாள்.

அவர் முகம் வெளுத்தது. "நோயாளியால முடிவெடுக்க முடியலன்னா அதுக்குத் தனி முறை இருக்கும்மா. அவங்க பேர்ல இன்னொருத்தர் போட்டா செல்லாது."

"நீங்க பாக்கலையா டாக்டர்?"

அவர் கோப்பை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்போது அவர் மேலும் சந்தேகம் விழுந்தது.

சிகிச்சை நிறுத்தப்பட்டது. விசாரணைக் குழு வருவதற்குள் எட்டு நாள் ஓடியது. ஐந்தாம் நாளே அக்கா மறுபடி சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். நான்தான் தள்ளிவிட்டேனோ என்று தங்கை தன்னையே கேட்டுக்கொண்டாள்.

குழுவினர் அக்காவைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார்கள். நல்லவேளையாக அவளுக்குப் பேச்சு இன்னும் அடங்கிப்போகவில்லை. இன்னும் எவ்வளவு மறக்கும், நடுவில் வேண்டாம் என்றால் நிறுத்துவீர்களா என்று கேட்டாள். பிறகு நிதானமாகத் தானே கையெழுத்திட்டாள். கீழே ஒரு வரியும் எழுதினாள்: 'என்னால் பேச முடியாதபோது என் தங்கையைக் கேளுங்கள்.'

அதைப் படித்த மாமா படிக்கட்டில் தங்கையை நிறுத்தினார். "நீயும் என்னை நம்பலையா?"

"தெரியல மாமா."

மிச்சமிருந்த ஐந்து முறையும் முடிந்து அக்கா தேறினாள், மாமாவோடுதான் வீடு திரும்பினாள். கிளம்பும்போது தங்கையிடம் மட்டும் சொன்னாள்:

"அவர் பொய் சொன்னாரான்னு நான் தோண்டப் போறதில்ல. ஆனா நீ கேட்டியே, அது சரிதான்."