எதிர் வீட்டில் வைத்த பரஸ்தானம்

எங்கள் பயணத்துக்கு என்னைப் பரஸ்தானம் வைத்தார்கள்.

கிளம்புகிற நாளில் நேரம் சரியில்லை என்றால், அதற்கு முன்பே நேரம் நன்றாக இருக்கிற ஒரு நாளில் ஏதாவது ஒரு பொருளைக் கொண்டுபோய் வேறு வீட்டில் வைப்பார்கள். அதுதான் பரஸ்தானம். அந்தப் பொருள் வாசலைத் தாண்டியதும் பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். அப்புறம் எந்தக் கெட்ட நாளிலும் கிளம்பலாம். போகிற வழியில் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குள் அது வீட்டுக்குத் திரும்பிவிட்டால் பயணம் கிடையாது.

சாதாரணமாகத் துண்டோ செம்போ வைப்பார்கள். எங்கள் வீட்டில் துண்டுகளுக்கு வேலை இருந்தது.

"கோதை சும்மாத்தானே இருக்கா," என்றாள் வசுமதி. அவள் என் அக்கா.

உண்மைதான். நான் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். வருகைப் பதிவில் என் பெயரைக் கூப்பிடும்போது என் குரல் வெளியே வராது. ஆண்டு முடிவில், நான் ஒரு நாளும் வரவில்லை என்று டீச்சர் சொன்னார். அம்மா போய்க் கேட்டாள். நானும் கூட நின்றிருந்தேன். "இதோ பாருங்க, இப்பவும் வரல," என்றார் டீச்சர்.

என் மணிக்கட்டில் மஞ்சள் துணி கட்டினார்கள். புதன்கிழமை காலையில் அப்பா என்னை எதிர் வீட்டு லோகா அத்தையிடம் ஒப்படைத்தார்.

"ரெண்டு நாள்தான். அசையாம இரு," என்றார்.

நாங்கள் போகவிருந்தது நேபாளத்துக்கு. அதன் கிழக்கு முனையில் நுழைந்து மேற்கு முனை வரை காரிலேயே போவது. லாட்ஜ் கிடையாது. தினமும் ஒரு இடத்தில் டென்ட் போட்டுப் படுப்பது. இது அப்பாவின் திட்டம். அப்பா பஸ் டெப்போவில் டைம் கீப்பர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து விசில் ஊதி பஸ்களை அனுப்பிக்கொண்டிருக்கிறார். எதிலும் ஏறியதில்லை. இந்தப் பயணம் நடக்காவிட்டால் அப்பா என்ன ஆவார் என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை.

லோகா அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள். முந்தானையால் என் தோளைத் தட்டித் துடைத்தாள். ஒரு பெஞ்சில் உட்கார வைத்தாள். பெஞ்சில் ஏற்கெனவே ஒரு குடையும், ஒரு தோல் பையும், பொன்னுரங்கம் என்று ஒருவரும் இருந்தார்கள். எங்கள் குடியிருப்பில் எல்லோரும் அத்தை வீட்டில்தான் பரஸ்தானம் வைப்பார்கள்.

பொன்னுரங்கம் வெள்ளைச் சட்டையைப் பொத்தான் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய இரண்டு கைகளும் முன்னால் நீண்டிருந்தன. அவற்றின் மேல் அத்தையின் புடவை காய்ந்துகொண்டிருந்தது.

"எந்த ஊருக்குப் பாப்பா?"

"நேபாளம்," என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவருக்குக் கேட்டது.

"எனக்குக் காசி."

"எப்பப் போறீங்க?"

"எங்க வீட்டுல எல்லாரும் போயிட்டு வந்துட்டாங்க. எனக்கு விபூதிகூடக் கொடுத்தாங்க."

"அப்ப ஏன் உங்களைக் கூட்டிட்டுப் போகல?"

"நான் இன்னும் போயிட்டிருக்கேனாம்."

"பேசாதீங்க," என்று சமையலறையிலிருந்து அத்தை சத்தம் போட்டாள். "வெச்ச பொருள் பேசுனா வெச்சவங்களுக்கு ஆகாது."

எங்கள் வீட்டு வாசலுக்கும் அத்தை வீட்டு வாசலுக்கும் நடுவே ஒரு வராந்தாதான். இங்கிருந்து கை நீட்டினால் அங்கிருந்து காபி டம்ளர் வாங்கலாம். இரண்டு கதவுகளும் திறந்தே இருந்தன. எங்கள் கூடத்தில் அப்பா தரை முழுக்க வரைபடத்தை விரித்திருந்தார். சமையலறைக்குப் போக ஜனக்பூரைத் தாண்ட வேண்டும். அம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துத் தாண்டினாள்.

"சித்வன்ல காட்டு ஓரமா டென்ட் போடறோம்," என்றார் அப்பா. "யானை வரும்."

"வந்தா என்ன பண்றது?"

"வழி விடணும்."

"டென்ட்டுக்குள்ள படுத்துக்கிட்டு எப்படிங்க வழி விடறது?"

"அதுக்கும் ஒரு நாள் ஒதுக்கிடறேன்," என்றார் அப்பா. பென்சிலை எடுத்துத் திட்டத்தில் ஒரு நாளைச் சேர்த்தார்.

அப்போது வராந்தா கொஞ்சம் நீண்டது.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சத்தமே இல்லை. எங்கள் வாசல் பின்னால் போயிற்று. காபியோடு வந்த அம்மா இரண்டு எட்டு அதிகமாக நடந்தாள். அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா கோசி ஆற்றுப் பாலத்தைச் சேர்த்தார். மறுநாள் காலையில் புட்வல் என்ற ஊரைச் சேர்த்தார். வசுமதிக்குப் பனிமலை தெரிகிற இடத்தில் போட்டோ எடுக்க வேண்டும். அதற்கு ஒரு வளைவைச் சேர்த்தார். ஒவ்வொன்றுக்கும் வராந்தா நீண்டது. அம்மா கொண்டுவரும் சோறு ஆறிப்போய் வந்தது. பிறகு கட்டுசோறாக வந்தது. பிறகு அம்மா வழியில் ஒரு இடத்தில் உட்கார்ந்து களைப்பாறிவிட்டு வந்தாள்.

"எப்பம்மா கிளம்பறோம்?"

"புளிக்காய்ச்சல் ஆறணும்டி. சூடா பாட்டில்ல அடைச்சா கெட்டுப்போயிடும்." அம்மா மூச்சு வாங்கினாள். "இவ்வளவு தூரம் வர்றதுக்குள்ள எனக்கு இடுப்பே போச்சு. நீ சாப்பிட்டியா இல்லையான்னுகூட அங்க இருந்து தெரியல."

அதற்குப் பிறகு அம்மா வரவில்லை. தூரத்தில் நின்று கை காட்டினாள்.

இரண்டு நாள் எப்போதோ முடிந்திருந்தது. அத்தை ஒருநாள் ஈரத் துணிகளை எடுத்துக்கொண்டு வந்தாள். பொன்னுரங்கத்தின் கைகளில் இடம் இல்லை. என் கையைப் பிடித்து முன்னால் நீட்டினாள். ஒரு ரவிக்கையைப் போட்டுப் பார்த்தாள். தலையைச் சாய்த்து யோசித்தாள்.

"நல்லாத்தான் நிக்குது," என்றாள்.

அவள் போனதும் கையைக் கீழே இறக்கினேன். இறங்குவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

"முதல்ல அப்படித்தான் பாப்பா இருக்கும்," என்றார் பொன்னுரங்கம். "அப்பறம் இறக்கணும்னே தோணாது."

"வலிக்குமா?"

"மழைக்காலத்துல துணி சீக்கிரம் காயாது. அது ஒண்ணுதான்."

எங்கள் வீட்டுப் பேச்சு இப்போதும் தெளிவாகக் கேட்டது. தூரம் சத்தத்தைத் தொடவில்லை. காரில் யார் எங்கே உட்காருவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பின்னாடி சீட்டுல எனக்குப் பக்கத்துல டென்ட்," என்றது வசுமதியின் குரல்.

"டிக்கியில போடு."

"டிக்கியில அடுப்பு, சிலிண்டர், அரிசி. அம்மா ஒரு குக்கர் போதாதுன்னு ரெண்டு குக்கர் எடுத்துக்கிட்டாங்க."

"நேபாளத்துல குக்கர் கெட்டுப்போனா யாருகிட்டடி கேப்பே?" என்றது அம்மாவின் குரல். "சரி, அங்க கோதை உக்காரணுமே."

வரைபடத்தின் மேல் யாரோ நடக்கிற சரசரப்பு கேட்டது.

"அவதான் முன்னாடியே கிளம்பியாச்சே," என்றார் அப்பா.

நான் எழுந்தேன். வாசலுக்குப் போனேன். ஒரு காலை வெளியே வைத்தேன்.

வராந்தாவின் கோடியில் எங்கள் வீடு ஒரு தீப்பெட்டி அளவு தெரிந்தது. நடுவில் மரங்கள் முளைத்திருந்தன. ஒரு இடத்தில் மதகு கட்டியிருந்தார்கள். ஒருவர் டீக்கடை போட்டுப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

அத்தை பின்னால் வந்து நின்றாள். தடுக்கவில்லை.

"போறதுன்னா போ. யாரும் பிடிச்சு வெக்கல. நீ உங்க வீட்டு நிலைப்படியைத் தாண்டினா உங்கப்பா இந்த ஜென்மத்துல எங்கேயும் போகமாட்டாரு. திரும்ப விசில்தான்."

அப்பா கூடத்தில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. எறும்பளவு இருந்தார். பென்சிலால் எதையோ வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். வட்டம் போட்டுவிட்டு எழுந்து தள்ளி நின்று பார்த்தார். அவர் சிரிப்பது இங்கேயே தெரிந்தது.

காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

அவர்கள் ஒரு செவ்வாய்க்கிழமை, ராகு காலத்தில் கிளம்பினார்கள். என்னை வைத்திருந்ததால் பழுதில்லை. கார் எங்கள் கூடத்திலிருந்து வெளியே வந்தது. வராந்தாவில் வந்தது. மதகில் ஏறி இறங்கியது. டீக்கடையில் நிறுத்தி டீ குடித்தார்கள். அத்தை வீட்டு வாசலுக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆயிற்று.

நான் வாசலில் தயாராக நின்றேன். அப்பா கண்ணாடியை இறக்கினார். புதுச் சட்டை போட்டிருந்தார். முன் சீட்டில் அம்மா மடியில் ஒரு குக்கரை வைத்திருந்தாள். பின்னால் வசுமதியும் டென்ட்டும் உட்கார்ந்திருந்தார்கள். டென்ட்டுக்கு சீட் பெல்ட் போட்டிருந்தது.

"என்ன வெச்சிருந்தீங்க?" என்று அத்தை கேட்டாள். அது முறை.

"பொண்ணு," என்றார் அப்பா.

"சின்னதா பெரிசா?"

"சின்னது."

"இதுவா பாருங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். "இதேதான்," என்றார்.

நான் பின் கதவின் கைப்பிடியைப் பிடித்தேன். அது திறக்கவில்லை.

"வசு, கொஞ்சம் நகரேன்," என்றேன்.

"எங்க நகர்றது? டென்ட் மேல உக்காந்தா கம்பி வளைஞ்சிடும்டி."

"மடியில உக்காந்துக்கறேன்."

"அவ்வளவு தூரமா? என் கால் மரத்துப்போயிடாதா?"

"கோதை," என்றார் அப்பா. பொறுமையாகத்தான் சொன்னார். "நீ புதன்கிழமையே கிளம்பிட்டே. நாங்க இன்னைக்குத்தான் கிளம்பறோம். உனக்கும் எங்களுக்கும் எவ்வளவு வித்தியாசம் பாரு. நீ முன்னாடி போயிட்டிருக்கே. நாங்க பின்னாடி வர்றோம். முன்னாடி போறவளுக்கு எதுக்கு சீட்டு?"

அம்மா குக்கர் மூடியைத் திறந்து ஒரு பொட்டலம் எடுத்தாள். "புளியோதரை," என்று நீட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது. "நிழலாப் பாத்துப் போ."

திரும்பிப் பார்த்தேன். உள்ளே பெஞ்சில் என் இடத்தை அத்தை ஏற்கெனவே துடைத்திருந்தாள். பொன்னுரங்கம் புடவைக்கு மேலாக எட்டிப் பார்த்தார். போ என்பது போலக் கண்ணைக் காட்டினார். கையால் காட்ட முடியாது.

அப்பா விசில் ஊதினார். நான் நடந்தேன்.

அத்தை வீட்டைத் தாண்டினால் முன்பு மாடிப்படி இருந்தது. இப்போது சாலை இருந்தது. இரண்டு பக்கமும் கடுகு வயல். பலகையில் காக்கர்பிட்டா என்று போட்டிருந்தது. நேபாளம் தொடங்கியிருந்தது.

கார் எனக்குப் பின்னால் வந்தது. முதலில் தூரத்தில் வந்தது. பிறகு நெருங்கியது. இஞ்சினின் சூடு என் குதிகாலில் பட்டது. நான் வேகமாக நடந்தேன். மூச்சு வாங்கியது. நெருங்கி வந்து என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஏற்றிக்கொள்ள இடமில்லை. தாண்டிப் போய்விட்டால் நான் யாருக்கும் முன்னால் இருக்கமாட்டேன். அப்புறம் நான் யாருடைய பயணத்திலும் இல்லை.

கோசி பாலத்தின் மேல் எனக்குக் கால் பிசகியது. நின்றுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். கார் தாண்டப்போகிறது என்று காத்திருந்தேன்.

தாண்டவில்லை. என் முழங்காலுக்குப் பின்னால் வந்து நின்றது.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள் அம்மா.

"நான் எங்க நிறுத்தினேன்? அவ நின்னுட்டா," என்றார் அப்பா. ஆக்சிலரேட்டரை மிதித்தார். இஞ்சின் உறுமியது. சக்கரம் நகரவில்லை.

நான் ஒரு எட்டு வைத்தேன். கார் ஒரு எட்டு வந்தது. இரண்டு எட்டு வைத்தேன். இரண்டு எட்டு வந்தது. ஒரு எட்டு பின்னால் வைத்தேன். கார் பின்னால் போயிற்று. உள்ளே குக்கர் உருண்டது.

"விளையாடாதடி!" என்று வசுமதி கத்தினாள்.

அதன் பிறகு நான் கால் வலித்தால் நின்றேன். ஜனக்பூருக்கு முன்னால் மாமரத்தடியில் உட்கார்ந்தேன். அப்பா அங்கே டென்ட் போடுவதாகத் திட்டம் போடவில்லை. வேறு வழியில்லாமல் அங்கேயே போட்டார். அம்மா அடுப்பைப் பற்ற வைத்தாள். எனக்கான தட்டை வசுமதி முன்னால் கொண்டுவந்து தரையில் வைத்துவிட்டுப் போனாள். முன்னால் போகிறவளின் பக்கத்தில் வர யாருக்கும் அனுமதி இல்லை. அப்பா டார்ச்சை அடித்து வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சித்வன் காட்டில் யானை வந்தது. நான் வழி விட்டேன். அவர்களும் விட்டார்கள்.

புட்வல் தாண்டி ஒரு பகலில் சாலை இரண்டாகப் பிரிந்தது. நேராகப் போவது அகலமான சாலை. மேற்கு முனையில் இருக்கிற மகேந்திரநகரின் பெயர் பலகையில் இருந்தது. வலது பக்கம் ஒரு மண் பாதை மலைக்கு ஏறியது. அதற்குப் பலகை இல்லை. மேலே யாரோ அடுப்பு மூட்டியிருந்த புகை தெரிந்தது.

நான் பிரியும் இடத்தில் நின்றேன்.

"நேராப் போ கோதை," என்றார் அப்பா.

நான் நின்றேன்.

"நேரா! பலகைய பாரு! திட்டமே அதுதான்!"

வாழ்நாளில் யாரும் என்னிடம் எங்கே போகலாம் என்று கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

வலது பக்கம் திரும்பி மண் பாதையில் காலை வைத்தேன்.

பின்னால் கார் கதவுகள் அதிர்ந்தன.

"அவ திரும்பிட்டா பாருங்க," என்றாள் அம்மா.

"அது திட்டத்துல இல்ல."

"இல்லாட்டி என்ன? உங்க பொண்ணு போறா."

"அங்க என்ன இருக்குன்னே தெரியாது. தண்ணி இருக்கா, இடம் இருக்கா, ஒண்ணும் தெரியாது."

"அப்ப நீங்க மட்டும் இறங்கி நேரா நடங்க. நாங்க வண்டியில வர்றோம்."

பாதை செங்குத்தாக ஏறியது. கூழாங்கல் உருண்டது. என் முதுகு முழுவதும் காதாக இருந்தது. வெகுநேரம் இஞ்சின் சத்தம் ஒரே இடத்தில் கேட்டது. அது தேய்ந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

முதல் வளைவில் திரும்பிப் பார்த்தேன். கீழே கார் பிரிவில் நின்றிருந்தது. அப்பா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்திருந்தார். பிறகு நிமிர்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வலது பக்க இண்டிகேட்டர் எரிந்து எரிந்து அணைந்தது.

நான் நடையைக் குறைக்கவில்லை.