பந்தி வஞ்சனை

1986 ஜனவரி 21ஆம் திகதி, மாத்தளை இரத்தோட்டை வீதியிலிருந்த ஒரு மிளகு ஆராய்ச்சித் தோட்டத்தில் நாற்பது கொடிகளின் காய்ந்த மிளகு நிறுக்கப்பட்டது. பக்கெட் பசளை, அதாவது இறக்குமதி இரசாயன உரம், போட்ட இருபது கொடிகள் முப்பது கிலோ கொடுத்தன. ஒன்றுமே போடாத இருபது கொடிகள் முப்பத்தொரு கிலோ கொடுத்தன.

ஆராய்ச்சி உத்தியோகத்தர் ஸஹாப்தீன் இதை அறிக்கையாக்கினார். இரண்டு வருஷ வேலை. இறக்குமதிப் பசளை வேண்டுமா வேண்டாமா என்று பத்திரிகைகளில் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம் அது. வேண்டாம் என்ற கட்சி அறிக்கையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. அலுவிகாரை மிளகு வியாபாரியும் செய்கையாளர் சங்கத் தலைவருமான இத்ரூஸ் ஹாஜியார், "வெறுங்கொடியே வெற்றிக்கொடி" என்று ஒரு வாசகம் கட்டிப் பத்திரிகைக்குக் கொடுத்தார். சித்திரை மழைக்குக் கொடிகளுக்கு எதுவும் போடுவதில்லை என்று சங்கத்தின் முந்நூறு பேரும் தீர்மானித்தார்கள். ஸஹாப்தீனுக்குப் பதவி உயர்வு என்று கந்தோரில் மேசைக்கு மேசை பேச்சு அடிபட்டது.

மார்ச் கடைசியில் ஒரு காலை, தோட்டத்தில் நெடுநாள் வேலை செய்யும் பாப்பம்மா, ஒன்றும் போடாத கொடிகளின் வரிசையில் குனிந்து எதையோ தூவிக்கொண்டிருப்பதை அவர் கண்டார். கையில் காலிப் பசளை பக்கெட். அதற்குள் சாணித் தூள்.

"என்னக்கா இது?"

"சாணிங்க ஐயா. எங்க வீட்டு மாடு. கந்தோர் சாமான் ஒண்ணும் தொடல."

"இந்த வரிசைக்கு ஒண்ணும் போடக்கூடாதுன்னு சொன்னேனே."

"மருந்து போடாதேன்னீங்க. போடலயே."

"எப்ப இருந்து?"

"மொத வருஷந் தொட்டேங்க. பஸ்ல கொண்டாறேன். கண்டக்டர் பய மூக்கப் பொத்திக்கிட்டு ஏசுறான்." அவள் கையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "பக்கத்துப் பக்கத்துல நிக்குது. அதுக்கு இலை நெறையப் போட்டுட்டு இத வெறும் இலையோட ஒக்கார வச்சா பந்தி வஞ்சனை இல்லீங்களா? பாவம் யாருக்கு? ஐயாவுக்குத்தானே?"

தன் பாவக்கணக்கை இரண்டு வருஷமாக ஒருத்தி பஸ்ஸில் சுமந்து தீர்த்திருக்கிறாள் என்பதை ஸஹாப்தீன் அப்போதுதான் அறிந்தார்.

கண்டியிலிருந்த மேலதிகாரிக்கு டெலிபோன் செய்து நடந்ததைச் சொன்னார். அவர் பதறவில்லை. "'ஒன்றும் போடாத' என்பதை 'பக்கெட் பசளை போடாத' என்று மாத்திடும். பொய்யில்லையே."

"பொய்யில்லைதான் சேர். ஆனா முந்நூறு பேரு சாணியும் போடாம இருக்கப் போறாங்க."

"ஒம்மட புரமோஷன் கடதாசி என்ட மேசையில இருக்கு, தெரியுமா?"

"தெரியும் சேர்."

அடுத்த சனிக்கிழமை மாத்தளையில் சங்கக் கூட்டம். ஸஹாப்தீன் பாப்பம்மாவையும் கூட்டிப்போய், நடந்ததை எழுதிவைத்திருந்தபடியே வாசித்தார்.

"அப்ப தம்பி," என்றார் இத்ரூஸ் ஹாஜியார், "வெறுங்கொடி வயிறு முட்டத் திண்டுட்டுத்தான் நிண்டிருக்கு."

சபை சிரித்தது.

"பேப்பர்ல என்ட போட்டோவும் வந்திச்சே. அத என்ன செய்ய?"

"என்ட பேரும் வந்திச்சு ஹாஜியார்."

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "அப்படின்னா சாணிதான் நல்லதுன்னு எழுதிக்கலாமா?"

"அதுவும் முடியாது. எவ்வளவு போட்டதுன்னு யாரும் அளக்கல."

எல்லோரும் பாப்பம்மாவைப் பார்த்தார்கள்.

"கையளவுதாங்க," என்றாள் அவள். "வாடுன கொடிக்கு ரெண்டு கை."

"பாருங்க," என்றார் ஹாஜியார், "இவட பந்தியிலயும் வஞ்சனை இருக்கு."

பாப்பம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பசிச்சதுக்குக் கூடப் போடுறது வஞ்சனையாங்க?"

சங்கம் தன் தீர்மானத்தை அன்றே ரத்துச் செய்தது. அறிக்கை மீளப்பெறப்பட்டது, திருத்தம் பத்திரிகையின் ஏழாம் பக்கத்தில் நான்கு வரியில் வந்தது. ஸஹாப்தீனுக்கு அந்த வருஷம் பதவி உயர்வு கிடைக்கவில்லை. மே மாதம் சோதனை முதலிலிருந்து தொடங்கியது.