கவ்வாத்துக்காரனின் காவல்

ஆஸ்பத்திரியில் கொடுத்த மூன்றாவது தேதியும் வந்துவிட்டது. விடிந்ததும் விடியாததுமாக அந்தோனிப்பிள்ளை தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் தீட்டி எடுத்துக்கொண்டு, இஸ்தோப்புத் திண்ணையில், அவர்கள் குடியிருக்கும் ஒற்றை அறைக் காம்பராவின் கதவுக்குக் குறுக்கே உட்கார்ந்துவிட்டான். கதவின் வெளிப்பக்கம் அவனே ஆணி அடித்துப் போட்ட கொண்டி. கொண்டியில் பூட்டு. உள்ளே அவன் பெண்டாட்டி இருதயம்மா.

பத்து மணிக்குள் அவள் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டும். வார்டில் சேர்த்து, மறுநாள் இடது மார்பை எடுப்பார்கள். அங்கே இருந்த கட்டியில் ஊசி குத்திப் பார்த்துக் கேன்சர் என்று சொல்லிப் பன்னிரண்டு வாரம் ஆகிவிட்டது. முதல் தேதி வந்தபோது அவன் கிளினிக் அட்டையைக் கிழித்து அடுப்பில் போட்டான். இரண்டாவது தேதிக்கு அவள் சொல்லாமல் பஸ் ஏறப் போனாள். தலைமயிரைப் பிடித்து ரோட்டிலிருந்து, தோட்டத்து வரிசை வீடான லயம்வரைக்கும் இழுத்து வந்தான். கீழுதடு கிழிந்து சட்டையெல்லாம் இரத்தம். இருபது காம்பராக்காரர்களும் வாசலில் நின்று பார்த்தார்கள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்துதான் கொண்டியும் பூட்டும். அவன் வேலைக்குப் போவதையும் விட்டுவிட்டான். அவள் வெளிக்குப் போனாலும் பின்னாலேயே போனான்.

கொடுமைக்காரன் என்றால் கொடுமைக்காரன்தான், அதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் இத்தனையையும் அவன் செய்தது, அவள் செத்துப்போய்விடுவாளே என்ற பயத்தில். அவளில்லாத காம்பராவை அவனால் நினைத்தும் பார்க்க முடியவில்லை.

ஸ்பிரிங்வெளிப் பக்கத்து மலைகளில் இருபத்தாறு வருஷமாகக் கவ்வாத்து வெட்டுகிறவன் அவன். தேயிலைச் செடியைத் தவிர வேறு எதையும் படித்ததில்லை. முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்ட செடி மூன்று மாதத்தில் என்ன செய்யும் என்று அவனைக் கேட்க வேண்டும். வெட்டின ஒவ்வொரு வாதுக் கிளையிலும் நாலு முளை, அஞ்சு முளை. வெட்டாமல் விட்டது கிழடுதட்டிப் பூத்து நிற்கும், வெட்டினதுதான் தழைக்கும். கட்டியும் அப்படித்தான், கத்தி பட்டால் உடம்பு முழுக்கத் தளிர்விடும் என்பதில் அவனுக்குத் துளி சந்தேகமும் கிடையாது. மேல் லயத்து லெட்சுமிக்கு வெட்டினார்களே, எட்டாம் மாதம் ஈரலிலும் முதுகெலும்பிலும் வந்துவிடவில்லையா? அவளுடைய சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் அவனும் ஒருவன். புண்ணாகி நாறும்வரை மறைத்து வைத்திருந்துவிட்டுத்தான் லெட்சுமி ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்பதை அவன் மறந்துவிட்டான். லயமும் மறந்துவிட்டது. கத்தி மட்டும்தான் எல்லாருக்கும் ஞாபகம்.

ஏழரைக்கு ஒரு ஆட்டோ லயத்தடியில் வந்து நின்றது. அவனுடைய ஒரே மகள் ஜெனிற்றா இறங்கினாள். பதுளை டவுனில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. நோயாளிகளிடமிருந்து வெட்டி எடுக்கிற சதையை மெழுகில் பதித்து, தலைமயிரைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் போட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே வைத்துப் பார்க்கிற இடம். ஆட்டோக்காரர் ஹஸீப்பும் டவுன்காரர்தான். ஜெனிற்றாவை ஸ்கூல் காலத்திலிருந்து ஏற்றி இறக்குகிறவர்.

"சாவியக் குடுங்கப்பா."

"வந்த வழியே போயிரு புள்ள. ஊசி குத்தாத குத்தாதன்னு தலையால அடிச்சிக்கிட்டேன். கேட்டியா? குத்தின எடத்துலதான் அது முழிச்சிக்கிச்சு."

"அது எப்பவோ முழிச்சிருச்சு. ஊசி போயி அதப் பாத்துட்டு வந்துச்சு, அவ்வளவுதான்."

"எனக்குப் படிச்சுக் குடுக்க வராத!"

"அண்ணே," என்றார் ஹஸீப், "கோவத்தப் பொறகு வச்சிக்கிடுங்க. இந்த டேட்டையும் விட்டா இன்னொண்ணு எப்ப குடுப்பாங்களோ தெரியாது. அக்காவ அனுப்புங்க."

கதவுக்கு உள்ளேயிருந்து இருதயம்மாவின் குரல் கேட்டது. "ஏங்க, தொறந்து விடுங்க. செத்தாலும் ஆஸ்பத்திரியில சாகுறேன். இப்பிடி அடைஞ்சு கெடந்து சாக மாட்டேங்க."

சாகிற பேச்சு காதில் விழுந்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்து போய் ஆட்டோவின் கூரைச் சீலையைக் கத்தியால் ஒரே இழுப்பில் கிழித்தான். இன்னொரு வெட்டு. கண்ணாடியில் ஒன்று. கண்ணாடி நொறுங்கிச் சீட்டெல்லாம் சிதறியது. "எவன் ஏத்திட்டுப் போறான்னு பாக்குறேன்!" என்று கத்திக்கொண்டே திரும்பினான். அதற்குள் ஹஸீப் டயர் கழற்றுகிற கம்பியை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கொண்டிக்குள் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தார். ஆணி இரண்டு கிறீச்சிட்டு வெளியே வந்தது.

அந்தோனிப்பிள்ளை பாய்ந்தான். கம்பியைப் பிடித்திருந்த அந்தக் கையைத்தான் குறி வைத்தான். ஓங்கிய கத்தி இறங்கும்போது ஜெனிற்றா குறுக்கே கையை நீட்டினாள்.

தடித்த வாதையும் ஒரே வெட்டில் சீவுகிற கத்தி அது. முழங்கைக்குக் கீழே இறங்கி மணிக்கட்டுவரைக்கும் தோலையும் சதையையும் பிளந்துகொண்டு போயிற்று. ஒரு கணம் உள்ளே வெள்ளையாக எலும்பு தெரிந்தது. பிறகு இரத்தம் குபுக்கென்று பொங்கி இஸ்தோப்புச் சீமெந்தில் ஊற்றியது. ஜெனிற்றா கத்தக்கூட இல்லை. மற்றக் கையால் காயத்தைப் பொத்திக்கொண்டு சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

ஹஸீப் இன்னொரு நெம்பு நெம்பினார், உள்ளேயிருந்து இருதயம்மா தோளால் இடித்தாள். கதவு படாரென்று திறந்தது. அவள் கையில் அடுப்படி விறகுக்கட்டை ஒன்று. மகளைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள். முப்பது வருஷத்தில் புருஷனை ஒருமையில் பேசியறியாதவள்.

"எம் புள்ளயவாடா வெட்டுனே?"

முதல் அடி அவன் தோளில் விழுந்தது. காறை எலும்பு முறிந்த சத்தம் அடுத்த காம்பராவரைக்கும் கேட்டதாம். கத்தி கீழே விழுந்தது. இரண்டாவது அடி முழங்காலில், மூன்றாவது முதுகில். விழுந்தவனை மறுபடியும் அடித்தாள். இழுத்து வந்த தலைமயிருக்கும் கிழிந்த உதட்டுக்கும் நாலு வாரப் பூட்டுக்கும் சேர்த்து அடித்தாள். ஹஸீப்தான் கட்டையைப் பிடுங்கினார். அவள் சேலைத் தலைப்பைக் கிழித்து மகளின் கையை இறுக்கிக் கட்டி, ஆட்டோவில் ஏற்றி, கண்ணாடித் துண்டுகளின் மேலேயே தானும் உட்கார்ந்தாள். ஆட்டோ போய்விட்டது. அந்தோனிப்பிள்ளை வாய் நிறைய மண்ணோடு வாசலில் கிடந்தான்.

ஜெனிற்றாவுக்கு இருபத்தொரு தையல். இருதயம்மாவுக்கு மறுநாள் ஒப்பரேஷன் நடந்தது. பொலீசுக்காரர் வந்து கேட்டபோது கை தவறிப் பட்டுவிட்டது என்று ஜெனிற்றா சொல்லிவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

பதினெட்டாம் நாள் காலையில், அம்மாவின் உடுப்புகளை எடுத்துப்போக அவள் லயத்துக்கு வந்தாள். அவன் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். வலது கை தொட்டில் கட்டித் தொங்கியது. முகத்தை நிமிர்த்த முடியவில்லை.

"அம்மா?"

"என் ரூம்ல இருக்காங்க. கஞ்சி குடிக்கிறாங்க."

"தழைச்சிரும் புள்ள," என்றான். அப்போதும் அதைத்தான் சொன்னான், பாருங்கள். "லெட்சுமிக்குத் தழைச்ச மாதிரி..."

ஜெனிற்றாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சட்டைக் கையைச் சுருட்டி அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். நீளமாக, சிவப்பாக, மேடு தட்டி ஆறிய தழும்பு.

"பாருங்க. கண்ண மூடாதீங்க, பாருங்க! நீங்க வெட்டினதுதானே? வெட்டினா தழைக்கும்னா எங்கையில இந்நேரம் ஒரு மரம் நிக்கணும். நிக்குதா?"

அவன் பார்த்தான்.

"ஒடம்பு பூரா கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் கலமா இருக்கு. நீங்க வெட்டினதும் ரெண்டு கரையில இருந்த கலமும் பெருக ஆரம்பிச்சுச்சு. ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு நாலாச்சு. இந்தக் கரை வந்து அந்தக் கரையத் தொட்டுச்சு. தொட்டதும் நின்னுருச்சு. யாரும் போயி நில்லுன்னு சொல்லல. எப்பப் பெருகணும், எப்ப நிக்கணும், எப்பச் சாகணும், எல்லாம் ஒவ்வொரு கலத்துக்குள்ளயும் எழுதியிருக்கு. ஒரு கலம் ரெண்டாகும்போது அந்த எழுத்தையும் பாத்து எழுதிக்கிட்டுத்தான் ரெண்டாகும்."

"அம்மாவுக்கு?"

"எழுதுறப்ப பிழை விழுந்திருக்கு. ஒண்ணு ரெண்டு பிழைன்னா கலமே திருத்திக்கும். திருத்த முடியலன்னா தன்னத்தானே அழிச்சிக்கும். ஆனா வருஷக்கணக்கா ஒண்ணு மேல ஒண்ணா விழுந்து, பெருகுன்னு சொல்ற எழுத்து ஓயாமச் சொல்லுது, நில்லுன்னு சொல்றது அழிஞ்சு போச்சு, செத்துப்போன்னு சொல்றதும் இல்ல. அப்பிடி ஒரே ஒரு கலம் போதும்பா. மத்ததெல்லாம் அது போட்ட குட்டி. பக்கத்துக் கலம் தொட்டாலும் நிக்காது, இடிச்சுக்கிட்டு உள்ள போகும். தீனிக்கு ரத்தக் குழாயையும் தன் பக்கம் இழுத்துக்கும். வெட்டினாத்தான் பெருகும்னு இல்ல. அதுக்கு நிக்கவே தெரியாது."

"யாரு செஞ்ச பிழை அது?"

"யாரும் செய்யல. பாத்து எழுதுற எடத்துல பிழை விழத்தான் செய்யும். அம்மா தலையில விழுந்திருச்சு."

அந்தோனிப்பிள்ளைக்கு ஆறாம் நம்பர் மலை ஞாபகம் வந்தது. போன வருஷம் அங்கே வேர்நோய் கண்டபோது யாரும் கவ்வாத்துக் கத்தியைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. நோய்ச் செடியை வேரோடு பிடுங்கினார்கள். சுற்றியிருந்த நல்ல செடியையும் இரண்டு வரிசை பிடுங்கினார்கள். அதைச் சுற்றி, நோய் தாண்டாமல் ஆழமாகக் கான் வெட்டினார்கள். வெட்டினவன் அவனேதான். தாமதித்தால் மலையே போய்விடும் என்று கங்காணியை விரட்டி வேலை வாங்கியவனும் அவனேதான். செடி விஷயத்தில் தெரிந்த நியாயம் பெண்டாட்டி விஷயத்தில் தெரியாமல் போயிற்று அந்த மண்டைக்கு.

"சுத்தியிருந்த நல்லதையும் சேத்தா எடுத்தாங்க?" என்று கேட்டான்.

"சேத்துத்தான். எடுத்தத எங்க எடத்துக்குத்தான் அனுப்பினாங்க. எங் கை கட்டுல இருந்ததால கூட வேல செய்யிற றிஸ்னி அக்கா சீவினாங்க. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். எடுத்த சதையோட ஓரம் பூரா சுத்தம், அங்க நோய் இல்ல."

அவன் மூச்சு விட்டான். "அப்ப எல்லாம் வந்துருச்சு."

"கக்கத்துல நெறி கட்டுற முடிச்சு பதினாலு எடுத்தாங்க. நாலுல இருக்கு."

"இருக்குன்னா?"

"மாருல இருந்து கெளம்பி அங்க போயிருச்சு. இனி எங்கெல்லாம் போயிருக்குன்னு தேடி மருந்து ஏத்தணும்."

"ஊசி குத்தினப்பவே போயிருந்துச்சா?"

ஜெனிற்றா சட்டைக் கையை இறக்கிவிட்டாள். சொல்லாமல் போய்விடலாம் என்றுகூட நினைத்தாள். ஆனால் தழும்பு வலித்தது.

"அன்னைக்கே வெட்டியிருந்தா போயிருக்காதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அன்னைக்கு எடுத்த ஸ்கேன்ல கக்கத்துல ஒண்ணுமில்ல. கட்டி ரெண்டு சென்டிமீட்டர். இப்ப அஞ்சு. அது பாட்டுக்கு ஒண்ணு ரெண்டாகி, ரெண்டு நாலாகி வளர்ந்துக்கிட்டு இருந்திருக்கு. நீங்க வெளிய கத்தியோட உக்காந்திருந்தீங்க. யாருக்குப்பா காவல் இருந்தீங்க?"

அவள் உள்ளே போய் இரண்டு சேலை, ஒரு கம்பளி, செபமாலை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"அம்மா எப்ப வருவா?"

"இங்க வர மாட்டாங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அந்தோனிப்பிள்ளை திரும்பிக் கதவைப் பார்த்தான். கொண்டி ஒற்றை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த ஆணியை அடித்தபோது உள்ளே யாரும் வரக்கூடாது, கத்தி வரக்கூடாது, சாவு வரக்கூடாது என்றுதான் அடித்தான். உள்ளே ஏற்கெனவே வந்துவிட்டிருந்த சாவுக்கு ஒரு தொந்தரவும் வராமல், இத்தனை வாரமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். இடது கையால் கொண்டியைப் பிடித்து இழுத்தான். அது வரவில்லை. கதவில் தலையை மோதினான். மறுபடியும் மோதினான். நெற்றி கிழிந்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கும்வரைக்கும் மோதி, பிறகு இஸ்தோப்பில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதான். இருபது காம்பராக்காரர்களும் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். அன்றைக்கும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.